எமிலியாம்பிள்ளை வாய்க்குப் போட்ட ஹர்த்தால்

விபூதிப் புதன் பூசை முடிந்து, நெற்றிச் சாம்பலைத் துடைப்பதா விடுவதா என்று சனம் யோசித்துக்கொண்டு எழும்புகிற நேரம், எமிலியாம்பிள்ளை கோயில் நடுவிலே நின்று, எல்லாரும் ஒருக்கா இருங்கோ என்றார். இருந்தார்கள். அந்தக் குரலுக்கு இருந்து பழகின சனம். முகாமில் தண்ணீர் வராத நாட்களிலும் அரசாங்கக் கச்சேரி வாசலில் பந்தல் போட்ட நாட்களிலும் அந்தக் குரல்தான் அவர்களை இருக்கச் சொன்னது, எழும்பவும் சொன்னது.

இன்று தொடக்கம் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் தன்னுடைய வாயால் ஒரு தூஷணமும் வராது, ஆரையும் ஏசமாட்டேன், இது சத்தியம் என்று அறிவித்துவிட்டு அவர் வாங்கில் அமர்ந்தார். ஒருவரும் கைதட்டவில்லை. கோயிலுக்குள்ளே கைதட்டுவதில்லை என்பது அமர்ந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

மற்றவர்கள் தவக்காலத்துக்கு இறைச்சியை விடுவார்கள், சாராயத்தை விடுவார்கள். விட்டதை வெளியே சொல்லமாட்டார்கள். ஒறுத்தல் என்பது தனக்கும் ஆண்டவருக்கும் இடையிலான சங்கதி. எமிலியாம்பிள்ளைக்கு அப்படியொரு வழி இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஹர்த்தால் ஒன்றுதான். தொடங்குகிற நாளைச் சொல்லவேண்டும், முடிகிற நாளைச் சொல்லவேண்டும், சனத்துக்கு முன்னால் சொல்லவேண்டும். கோரிக்கை என்ன, அதை ஆரிடம் வைப்பது என்பதுதான் இந்த ஹர்த்தாலில் தெளிவில்லாமல் இருந்தது.

காரணம் பேத்தி ஜெசிதா. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், யேசுவுக்குத் தீர்ப்பிட்ட பிலாத்துவின் கதையைச் சொல்லி, கையைக் கழுவிவிட்டுப் போன அந்த மனிசனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார். ஜெசிதா எழும்பி, தனக்குப் பிடிக்காத உத்தியோகத்தர்களைப் பற்றி அம்மப்பா வீட்டில் பாவிக்கிற சொல் ஒன்றை எடுத்துப் பிலாத்துவுக்கு வைத்தாள். பொருத்தமான சொல்தான் என்பது எமிலியாம்பிள்ளையின் அபிப்பிராயம். ஆனால் சிஸ்டர் அவருடைய மனைவி லூர்த்தம்மாவைக் கூப்பிட்டுக் கதைத்தார். லூர்த்தம்மா வீட்டுக்கு வந்து ஒன்றும் கதைக்கவில்லை. சட்டியை அடுப்பில் வைத்தார், இறக்கினார், சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைத்தார். அதோடுதான் இந்தச் சத்தியம்.

எமிலியாம்பிள்ளை மாதாதுறையிலே பிறந்தவர். மாதாதுறை எங்கே என்று கேட்டால் மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து கொஞ்சத்தூரம் என்பார்கள். ஒரு கோயில், ஒரு சங்கக் கட்டடம், கரையிலே இழுத்துவிட்ட வள்ளங்கள், அவ்வளவுதான் ஊர். தொண்ணூறில் சண்டைக்குள்ளே ஊரை ஆமியிடம் விட்டு எழும்பினபோது அவர் கலியாணம் முடித்த புதிது. மல்லாகத்துப் பக்கம் ஒரு முகாமிலே போய் இறங்கினார்கள். கடல் இல்லாத இடத்திலே கடற்றொழிலாளிக்கு என்ன வேலை? மற்றவர்கள் மேசன் வேலைக்கும் தோட்டக் கூலிக்கும் போனார்கள். எமிலியாம்பிள்ளை கடற்றொழிலாளர் சங்கம் தொடங்கினார்.

சங்கம் என்றால் முக்கியமாக அவருடைய வாய்தான். மிச்சம் துண்டுப்பிரசுரம். அவர் எழுதின பிரசுரங்களில் முற்றுப்புள்ளியைத் தேடினாலும் கிடையாது, எல்லாம் ஆச்சரியக்குறி. ஒருமுறை அச்சகக்காரர் ஆச்சரியக்குறி எழுத்து முடிந்துபோச்சு, மிச்சத்துக்குக் கேள்விக்குறி போடட்டோ என்று கேட்க, அவசரத்தில் போடு என்றுவிட்டார். எங்கள் கடலை எங்களுக்குத் தா என்று முழங்கின வரி, தருவாயா மாட்டாயா என்று கெஞ்சுகிற மாதிரி வெளியே வந்தது. ஊர் திரும்பக் கிடைப்பதற்கு அவ்வளவு காலம் எடுத்ததற்கு அந்தப் பிரசுரம்தான் காரணம் என்பது லூர்த்தம்மாவின் கட்சி.

முகாமில் தண்ணீர்க் குழாய் வந்தது அவர் ஏசின ஏச்சில். பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்ததும் அப்படித்தான். கடைசியில் ஆமியிடமிருந்து ஊர் விடுபட்டு, முள்ளும் பற்றையும் வெட்டி வள்ளங்களை மறுபடி இறக்கினபோது, அதுவும் தன் ஏச்சுக்குக் கிடைத்த வெற்றி என்றே அவர் கணக்குப் போட்டுக்கொண்டார். ஆண்டவருக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்தார், மறுக்கவில்லை. கோயிலுக்கும் தவறாமல் போவார். பக்க வாசலடியில் நிற்பார், பிரசங்கம் தொடங்க வெளியே போய்ச் சுருட்டுப் பற்றவைப்பார், நற்கருணை நன்மை கொடுக்கிற நேரம் உள்ளே வருவார். நல்ல கத்தோலிக்கன் என்ற எண்ணம் தன்னைப் பற்றி அவருக்கு என்றைக்கும் குறைந்ததில்லை.

போன வருடம் சங்கத் தலைவர் தெரிவில் கிறிஸ்துநாயகத்திடம் தோற்றார்.

கிறிஸ்துநாயகம் கோயிலிலே செபமாலை முன்னின்று சொல்கிறவர். குரல் உயராது. ராசா, தங்கச்சி, அண்ணை என்று தொடங்காமல் ஒரு வசனம் கதைக்கமாட்டார். முப்பது வருட ஏச்சைக் கேட்டுக் காது நொந்த சனம் அந்தக் குரலுக்குக் கை உயர்த்தியது. எமிலியாம்பிள்ளை அன்றைக்கு மண்டபத்தை விட்டு வெளியே வந்தவர், அதற்குப் பிறகு சங்கத்திலே வாய் திறக்கவில்லை. கேட்டவர்களுக்கு, எனக்கும் வயது போகுதுதானே என்று சொல்லிவைத்தார்.

சத்தியத்தின் முதல் கிழமையில் கஷ்டப்பட்டது அவரல்ல, அவரைச் சுற்றி இருந்தவர்கள். வள்ளத்து எஞ்சின் அவர் இரண்டு சொல் சொன்னால்தான் பிடிக்கும். இப்போது கயிற்றை இழுத்து, இழுத்து, "ராசா, தயவுசெய்து" என்று அதனோடு கெஞ்சினார். எஞ்சின் அந்தப் பாஷையை அதற்கு முன்னம் கேட்டதில்லை, பிடிக்கவில்லை. கரையில் மீன் நிறுக்கிற வியாபாரி கூடையின் பாரத்தைக் கழிக்கிறேன் என்று ஒரு பெரிய பாரைமீனின் பாரத்தையும் சேர்த்துக் கழித்தான். சனமெல்லாம் எமிலியாம்பிள்ளையின் முகத்தைப் பார்த்தது. "தம்பி, மேலை ஒருத்தர் பாத்துக்கொண்டிருக்கிறார்" என்றார் அவர். வியாபாரி மேலே ஒருக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த கூடையை வைத்தான்.

லூர்த்தம்மா அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சீனி பார்ப்பித்தார், பிறஷர் பார்ப்பித்தார். எல்லாம் சரியாக இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால் லூர்த்தம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எமிலியாம்பிள்ளைக்கோ இந்தத் தவம் பிடித்துப்போயிற்று. ஏசாமல் இருப்பது இவ்வளவு சுகமென்று அவருக்கு ஒருத்தரும் சொல்லியிருக்கவில்லை. ஏசினால் பின்னால் போய் நிற்கவேண்டும், ஆட்களைச் சேர்க்கவேண்டும், கந்தோர் கந்தோராக ஏறவேண்டும். ஏசாதவனுக்கு ஒரு வேலையும் இல்லை. வாங்கிலே முன்வரிசைக்கு வந்து இருந்தார். பிரசங்கம் முழுதையும் கேட்டார். தன் தலையைச் சுற்றி மெல்லிசாக ஒரு ஒளிவட்டம் விழுந்திருக்குமோ என்று சவரம் எடுக்கிற நேரம் கண்ணாடியைப் பார்த்ததும் உண்டு.

இந்த நிலைமையில்தான் ஒரு பின்னேரம் யோசப்பின் வந்தாள்.

யோசப்பின் கருவாடு போடுகிறவள். புருஷன் கடலோடு போய்விட்டான், இரண்டு பெண்பிள்ளைகள். சங்கக் கட்டடத்துக்குக் கிழக்கே, காற்றும் வெயிலும் தடையில்லாமல் விழுகிற வெட்ட மணல் ஒன்று இருக்கிறது. அதிலே பழைய வலையை விரித்து, சூடை மீனும் கீரி மீனும் பரப்பி, காய்ந்த பிறகு அச்சுவேலிச் சந்தைக்குக் கொண்டுபோவாள். ஊர் விடுபட்டபோது அந்த மணலில் நின்ற முட்பற்றையை வெட்டினதும் அவள்தான். ஆனால் காணி சங்கத்தினுடையது. இப்போது ஐஸ் முதலாளி ஒருவர் துறைக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார், அவருடைய லொறிகள் வந்து திரும்ப இடம் வேண்டும், அதற்கு அந்த மணலைக் கொடுப்போம் என்று கிறிஸ்துநாயகம் தீர்மானித்திருந்தார். யோசப்பினுக்கு மாற்று இடமும் காட்டியிருந்தார். ஆமி விட்டுப்போன இடிந்த காவலரணுக்குப் பின்னால், பனங்கூடலுக்குள்ளே, ஈரப் பள்ளம்.

"நிழலுக்கை கருவாடு காயப்போடச் சொல்லுறார் அண்ணை. சிரிச்சுக்கொண்டு சொல்லுறார்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். அதிலே எமிலியாம்பிள்ளை எழும்பிக் கதைக்கவேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். அந்த மணல் போனால் தொழில் போச்சு, பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று தனக்குத் தெரியாது என்பதையும் அழாமல் சொன்னாள்.

எமிலியாம்பிள்ளை கண்ணை மூடித் திறந்தார். முகத்தைக் கோயிலிலே நிற்கிற ஒரு சுருவத்தின் முகம்போல வைத்துக்கொண்டார்.

"செபிப்பம் தங்கச்சி."

யோசப்பின் ஒரு எட்டு முன்னுக்கு வந்தாள். அவருக்குப் பின்னாலே வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தாள், உண்மையான எமிலியாம்பிள்ளை உள்ளே எங்கேயாவது படுத்திருக்கிறாரோ என்பதுபோல.

"செபிக்கிறதெண்டா நான் மாதாவிட்டைப் போவன்" என்றாள். "உங்களிட்டை வந்தது ஏசுறதுக்கு."

அவர் சத்தியத்தை எடுத்துச் சொன்னார். தவக்காலத்தின் பெருமையையும் கொஞ்சம் சொன்னார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம், வெட்ட மணலிலே ஆட்கள் கிடங்கு கிண்டிக்கொண்டு நின்றார்கள். கூட்டம் நடக்குமுன்னமே எல்லை போடுகிற வேலை. பனங்குற்றிகளை ஒவ்வொன்றாக நட்டு மண் இறுக்கினார்கள். யோசப்பின் மீன் கூடையைப் பக்கத்திலே வைத்து, தன் வலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மணலிலே இருந்தாள். கிறிஸ்துநாயகம் குடை பிடித்துக்கொண்டு நின்று, கவனம் ராசா, தங்கச்சியின்ரை மீனிலை மண் விழாமல் கிண்டுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சனம் எமிலியாம்பிள்ளைக்கு வழிவிட்டு விலகியது. முன்னம் எத்தனையோ தரம் அப்படி விலகியிருக்கிறது. அவருடைய தொண்டைக்குள்ளே சொற்கள் பஸ்நிலையத்திலே நிற்கிற மாதிரி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. அவர் எல்லாவற்றையும் உள்ளே இருத்தினார்.

"சண்டை வேண்டாம்" என்றார். "சமாதானமாக் கதைச்சுத் தீர்ப்பம்."

கிறிஸ்துநாயகம் குடையை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணையின் தவம் ஊருக்கே ஒரு படிப்பினை என்றார். யோசப்பின் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. அடுத்த குற்றியை நட்டார்கள்.

அன்றைக்கு இருட்டுமுன்னமே கதை கடைக்கு வந்துவிட்டது. ஐஸ் முதலாளி எமிலியாம்பிள்ளைக்கு ஒரு குளிர்ப்பெட்டி கொடுத்து வாயை அடைத்துவிட்டானாம். எமிலியாம்பிள்ளை ஏசாமல் இருப்பதற்கு ஆண்டவர் காரணமாக இருப்பார் என்று ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. குளிர்ப்பெட்டி என்றால் விளங்கக்கூடிய காரணம். தேங்காய் வாங்கப் போன லூர்த்தம்மா வெறுங்கையோடு திரும்பி வந்து, பெட்டியை எங்கை இறக்கி வைச்சிருக்கிறியள், எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ என்று கேட்டார்.

எமிலியாம்பிள்ளைக்கு மனம் நொந்தது. நொந்தாலும் அதிலே ஒரு இனிப்பும் இருந்தது. நீதிமான்கள் அவதூறு சுமப்பது வழமைதானே. அந்த இனிப்போடு சனிக்கிழமை காலையிலே பாதரிடம் போனார், நாலு நல்ல வார்த்தை கேட்கலாம் என்று.

பங்குத்தந்தை இளம் ஆள். விறாந்தையில் மோட்டார்சைக்கிளைச் சரித்து வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எமிலியாம்பிள்ளை தன் சோதனைகளை விபரமாகச் சொன்னார். பாதர் கேட்டு முடித்துவிட்டு, நாளைக்குக் கூட்டத்தில் என்ன சொல்லப் போறியள் என்று கேட்டார்.

"நான் தவத்திலை இருக்கிறன் பாதர்."

"ஞாயிற்றுக்கிழமை தவநாளிலை சேராதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். நன்றாகத் தெரியும். சாராயத்தை விட்ட வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை விலக்கு என்ற அந்தச் சட்டத்தை ஊருக்கு எடுத்துச் சொல்லி, அதன்படி ஒழுகிக் காட்டினவரே எமிலியாம்பிள்ளைதான். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"ஏசச் சொல்லேல்லை" என்றார் பாதர், சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு. "ஆனா நீங்கள் விட்டது தூஷணத்தை. கதைக்கிறதை ஆர் விடச் சொன்னது?"

பாதர் எண்ணெய்க் கையை நீட்டினார். ஒரு துணி எடுத்துத் தரச் சொன்னார். எமிலியாம்பிள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

திரும்பி வருகிற வழியில் கரைக்கு இறங்கி, ஒருத்தருமில்லாத இடத்திலே வள்ளமொன்றுக்கு முன்னால் நின்று, நாளைக்குப் பேசவேண்டியதைப் பேசிப் பார்த்தார். ஏச்சில்லாமல். தொடங்கினார், நின்றார். திரும்பத் தொடங்கினார். அவருடைய வசனங்களில் இருந்து கெட்ட வார்த்தைகளை எடுத்தால், டேய், நீ, உன்ரை என்கிற மூன்றும்தான் மிஞ்சின. பிரசுரத் தமிழில் முயன்று பார்த்தார். பாட்டாளி மக்களே, அணிதிரள்வீர் என்று வந்தது. கரையிலே ஒரு நாய் நின்றது. அது அணிதிரளவில்லை.

முப்பது வருடப் பேச்சாளனிடம் ஏச்சைத் தவிர வேறு சரக்கில்லை என்று கண்டுபிடிப்பது சந்தோஷமான காரியமல்ல. ஆனால் அதற்கு அடியிலே இன்னொன்று கிடந்தது, அதுதான் மோசம். ஏசியே பேசினாலும் நாளைக்குச் சனம் கேட்காது என்று அவருக்குப் பயம். போன வருடம் உயர்ந்த கைகள் இன்னும் அவருடைய கண்ணுக்குள்ளே உயர்ந்தபடிதான் நின்றன. எழும்பி நின்று இன்னொருதரம் தோற்பதைவிட, தவசி என்று இருந்துவிடுவது மரியாதை. சத்தியம் எடுத்தது ஜெசிதாவுக்காகத்தான். ஆனால் யோசப்பின் வந்து நின்ற பின்னேரம் தொடக்கம் அந்தச் சத்தியம் ஒரு காவலரணாகிவிட்டது. அவர் உள்ளே பதுங்கி இருந்தார்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு கூட்டம். சங்க மண்டபத்தில் ஆண்கள் முன்னுக்கும் பெண்கள் பின்னுக்குமாக இருந்தார்கள். கருவாட்டுப் பெண்களைச் சங்கத்தில் சேர்த்தது எமிலியாம்பிள்ளைதான். அந்தக் காலத்தில் அங்கத்தவர் தொகையைப் பெருப்பித்துக் காட்டவேண்டி இருந்தது, சேர்த்தார். அவர்களை ஒருநாளும் கதைக்கச் சொன்னதில்லை. கதைக்கத்தான் அவர் இருந்தாரே.

கிறிஸ்துநாயகம் செபத்தோடு தொடங்கினார். ஐஸ் வந்தால் ஊருக்கு வரப்போகிற நன்மைகளைச் சொன்னார். எல்லாம் உண்மைதான், ஐஸ் தேவைதான். தங்கச்சிக்கு மாற்று இடம் கொடுத்திருக்கிறோம் என்றார். ஆருக்காவது ஏதும் சொல்ல இருக்கோ என்று கேட்டார்.

எமிலியாம்பிள்ளை எழும்பினார். எழும்பினது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மண்டபம் அடங்கிப்போனது. அந்த இடம் நிழல், கொஞ்சம் யோசிக்கவேணும் என்றார். அவ்வளவுதான் வந்தது. அதுவும் மெல்ல. பின்னாலே ஆரோ, குளிர்ப்பெட்டியும் நிழலிலைதான் நிக்குதாக்கும் என்று சொல்ல, ஒரு சிரிப்பு எழும்பியது. அவர் இருந்துவிட்டார்.

அப்போதுதான் யோசப்பின் எழும்பினாள். முதலில் பணிவாகத்தான் தொடங்கினாள். வெயில் இல்லாவிட்டால் மீன் புழுப்பிடிக்கும் என்றாள். விளங்குது தங்கச்சி என்றார் கிறிஸ்துநாயகம். லொறி திரும்புவதற்குக் கோயில் வீதிப் பக்கம் இடம் கிடக்கிறதே என்றாள். விளங்குது தங்கச்சி. நான் பற்றை வெட்டின இடம் என்றாள். விளங்குது, விளங்குது என்றார் அவர், அடுத்த விஷயத்துக்குத் தாளைப் புரட்டிக்கொண்டு.

அந்த விளங்குதோடு யோசப்பின் மாறினாள். அச்சிலே போடக்கூடிய ஒரு சொல்லும் அதற்குப் பிறகு வரவில்லை. எமிலியாம்பிள்ளை வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் அவருடைய சொற்கள். அவர் நிறுத்துகிற இடத்திலே அவள் நிறுத்தினாள், அவர் கையை வீசுகிற மாதிரியே வீசினாள். முகாமிலே தண்ணீர்க் குழாயடியில் வைத்து அவரே புதிதாகச் செய்த ஒரு சொல் இருக்கிறது, வேறு எந்த ஊரிலும் கிடையாது. அதையும் எடுத்தாள். அப்போது அவள் வாளியோடு வரிசையில் நின்ற சின்னப் பெட்டை. ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டிருக்கிறாள். ஆனால் ஏச்சுக்கு நடுவிலே அவள் விஷயத்தைத் தவறவிடவில்லை, அது அவரிடம் படித்ததல்ல. கூட்டம் வைக்குமுன் ஏன் குற்றி நட்டது, ஆரைக் கேட்டு நட்டது, லொறிக்காரன் வீதிப் பக்கத்தை வேண்டாமென்றானா, இல்லை நீ கேட்கவேயில்லையா என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். எமிலியாம்பிள்ளைக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு பொறாமையாக இருந்தது. வெட்கம் எல்லாவற்றுக்கும் பிந்தித்தான் வந்து சேர்ந்தது.

கிறிஸ்துநாயகம் கோபிக்கவில்லை. அவர் ஒருநாளும் கோபிக்கமாட்டார். கையைக் கூப்பிக்கொண்டு எமிலியாம்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் தவத்திலை இருக்கிற ஆள். நீங்களே சொல்லுங்கோ. மாதாவின்ரை ஊருக்கை, தவக்காலத்திலை, ஒரு பொம்பிளை இப்பிடிக் கதைக்கலாமோ? இப்பிடிக் கதைக்கிற ஆளுக்குச் சங்கம் காணி விடவேணுமோ?"

மண்டபம் முழுதும் அவரைப் பார்த்தது. கூடாது என்று ஒரு சொல் போதும். பொய்யுமல்ல, தூஷணம் கூடாதுதான். சொன்னால் தவசியின் பெயர் நிலைக்கும், மணல் போகும். தான் கட்டின காவலரணுக்குள்ளே கிறிஸ்துநாயகமும் வந்து பக்கத்திலே குந்தியிருப்பது எமிலியாம்பிள்ளைக்கு அப்போதுதான் தெரிந்தது.

எழும்பினார். வாங்கின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"கதைக்கக் கூடாதுதான்" என்றார். "ஆனா அந்தச் சொல்லெல்லாம் என்ரை. நான்தான் இந்த ஊருக்குப் பழக்கினது. பாவமெண்டா என்ரை தலையிலை போடுங்கோ. மணல் அவவின்ரை. அவ கேட்ட கேள்வியள் எல்லாம் நான் கேட்டிருக்கவேண்டியது, நான் கேக்கேல்லை. கிறிஸ்துநாயகம், அதுகளுக்குப் பதிலைச் சொல்லும்."

ஆச்சரியக்குறி ஒன்றும் அதிலே இல்லை. இருந்தார்.

கிறிஸ்துநாயகம் லொறிக்காரனைக் கேட்கவே இல்லை. விளங்குது என்றார், வழக்கத்தைவிட மெல்லமாக. பின்வரிசையில் ஒரு கிழவி கையை உயர்த்தினாள். என்ன ஆச்சி என்று கேட்டார்கள். எண்ணுங்கோ என்றாள். பக்கத்திலே இருந்த கருவாட்டுப் பெண்கள் எல்லாரும் உயர்த்தினார்கள். ஆண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, தங்கள் தங்கள் பெண்சாதிகளின் கை நிற்கிற இடத்தைக் கண்டு, பிந்தி உயர்த்தினார்கள். மணல் யோசப்பினிடம் இருக்கட்டும், லொறி வீதிப் பக்கத்தால் வரட்டும் என்று எழுதிக்கொண்டார்கள். எமிலியாம்பிள்ளையின் பேச்சுக்காக உயர்ந்த கை அதிலே ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். அவர் அப்படி நினைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

மண்டபத்து வாசல் படலையடியில் யோசப்பின் அவரை மறித்தாள். இளைய பிள்ளை அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எமிலியாம்பிள்ளை நன்றியை ஏற்றுக்கொள்வதற்கு ஏற்ற மாதிரி முகத்தைத் தயார்பண்ணினார்.

"நன்றி சொல்ல நிக்கேல்லை" என்றாள். "உங்கடை ஆத்துமத்தைக் காப்பாத்துறதுக்கு என்ரை மணலைக் குடுக்கப் பாத்தியள் அண்ணை."

சத்தியம், பேத்தி, தவக்காலம் என்று சொல்லக்கூடிய மறுமொழிகள் எல்லாம் அவருக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை.

"ஓம்" என்றார். "பயந்திட்டன்."

அந்தச் சொல்லை அவருடைய வாயிலிருந்து அவளும் முன்னம் கேட்டிருக்கமாட்டாள். நாளைக்கு விடிய வாங்கோ, குற்றி புடுங்க ஆள் வேணும் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை விடிய எமிலியாம்பிள்ளை குற்றி கிளப்ப இரும்பு அலவாங்கோடு போனபோது கிறிஸ்துநாயகம் அவருக்கு முன்னமே வந்து நின்றார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். குடையைக் காணவில்லை. நான் நடுவிச்சது, நான்தானே புடுங்கவேணும் என்று சிரித்தார். எமிலியாம்பிள்ளைக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்ற மனிசன் வீட்டிலே கிடந்து புழுங்கவேண்டும், அதுதான் முறை, அவர் அப்படித்தானே ஒரு வருடம் கிடந்தார். இந்த ஆள் விடியமுன்னம் வந்து மண் கிண்டிக்கொண்டு நிற்கிறான். உண்மையாகத்தான் செய்கிறானோ, நடிக்கிறானோ என்று பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. தன்னைப் பற்றியே அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத ஆள், மற்றவனைப் பற்றி எப்படிக் கண்டுபிடிப்பது?

பனங்குற்றி ஒருத்தனால் தூக்கக்கூடிய பாரமல்ல. ஒரு தலைப்பை அவர் பிடித்தார், மற்றத் தலைப்பைக் கிறிஸ்துநாயகம் பிடித்தார். வேறு ஆள் வரும்வரை நிற்கலாமோ என்று யோசித்தார். ஒருத்தரும் வருகிற மாதிரித் தெரியவில்லை. செபமாலை சொல்கிறவன் முன்னுக்கு நடக்க, எமிலியாம்பிள்ளை பின்னுக்கு நடந்தார். மணலிலே கால் புதைந்தது.

"அண்ணை, பாரம் என்ரை பக்கம்தான் கூட" என்றார் கிறிஸ்துநாயகம்.

எமிலியாம்பிள்ளையிடம் அதற்கு அருமையான மறுமொழி ஒன்று இருந்தது. அதிலே தூஷணம்கூட இல்லை, வெறும் விஷம். வாய் வரைக்கும் வந்தது. அவர் கையை அரை அடி முன்னுக்கு நகர்த்திக் குற்றியைப் பிடித்தார். பாரம் இந்தப் பக்கம் சரிந்தது. இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது.

யோசப்பின் அவர்களைப் பார்க்கவில்லை. மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, குற்றி பிடுங்கின கிடங்கைக் காலால் மண் தள்ளி மூடி, அதன்மேல் வலையை விரிக்கத் தொடங்கினாள். வெயில் ஏறமுன்னம் பரப்பி முடிக்கவேண்டும். இரண்டு பேரும் குற்றியோடு நடுவிலே நின்றார்கள்.

"ரெண்டுபேரும் விலகுங்கோ" என்றாள். "வெயிலை மறைக்கிறியள்."

விலகினார்கள்.